கத்திக்கு முன் நான்கு சாயங்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கிய ஒரு மண்டி. அங்கே கணக்கெழுதும் 38 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பூர்வீகம் தென்காசிப் பக்கம். தாத்தா காலத்தில் கொச்சிக்குப் பிழைக்க வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். ஆறேழு மாதமாக அவருக்கு மலத்தோடு ரத்தம் போகிறது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மூலக்குருவா இருக்கும், காரத்தைக் குறைங்க" என்று ஒரு களிம்பு கிடைத்தது. நாள் முழுக்க மிளகுத் தூசியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நியாயமாகவே பட்டது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை.

இவர் மட்டும்தான் கற்பனை. இனி வரும் மருத்துவம் அனைத்தும் நிஜம்.

மலத்தில் ரத்தம் என்றால் பெரும்பாலும் மூலம்தான். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டரை மலக்குடல் என்கிறோம். அங்கே வளரும் கட்டியும் ரத்தம்தான் கசியவிடும். ஆனால் கூடவே வேறு சில தடயங்களையும் விட்டுவைக்கும். மலம் கழித்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு, வழக்கம் மாறி அடிக்கடி போக வேண்டிவருவது, மலம் மெலிந்து வருவது, காரணம் தெரியாத ரத்தசோகை. இவற்றை விசாரிக்க ஐந்து நிமிடம் போதும். அடுத்த சோதனைக்கு ஒரு கையுறையும் ஒரு விரலும் போதும். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் ஏழெட்டு சென்டிமீட்டர் வரை மருத்துவரின் விரலுக்கு எட்டும். கூச்சத்தால் நோயாளி தவிர்ப்பதும், அவசரத்தால் மருத்துவர் தவிர்ப்பதும் இந்தச் சோதனையைத்தான். சின்ன வயதுதானே என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. நாற்பதைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

நம் கணக்கர் ஒருவழியாக மருத்துவரிடம் போனார். அந்த மருத்துவரின் விரலில் தட்டுப்பட்டது மூலம்போல மெத்தென்று அமுங்கவில்லை. கெட்டியாக, ஓரம் தடித்து, நகராமல் இருந்தது. அடுத்து கொலனோஸ்கோபி. முதல் நாள் லிட்டர் கணக்கில் மருந்துக் கரைசல் குடித்துக் குடலைக் கழுவிவிட்டு, கேமரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்த்தார்கள். கட்டியிலிருந்து அரிசி அளவில் சில துணுக்குகளைக் கிள்ளி எடுத்தார்கள். அதுதான் பயாப்ஸி. எம்ஆர்ஐ படத்தில் கட்டி குடல் சுவரைத் தாண்டிச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் இறங்கியிருந்தது. அருகில் இரண்டு நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. மூன்றாம் கட்டம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த நோய் வந்த எவரும் கேட்பது: "வயித்துல பை வெச்சிருவாங்களா?"

ஒரு பெயர், பல நோய்கள்

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆசனவாயைச் சுருக்கும் தசைக்கு அருகில் கட்டி இருந்தால், அறுவைச் சிகிச்சையில் தசையும் சேர்ந்து போகலாம். அப்போது வயிற்றில் துளையிட்டு மலத்தைப் பையில் சேகரிக்க வேண்டியிருக்கும். சிலருக்குத் தற்காலிகமாக, சிலருக்கு ஆயுள் முழுக்க. மலக்குடல் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சை மூன்று பகுதிகள் கொண்டது: கீமோதெரபி, கதிர்வீச்சு, அறுவை. பல்லாயிரம் பேரைக் காப்பாற்றிய முறை இது. ஆனால் அது வாங்கும் விலையும் அதிகம். இடுப்பில் பாயும் கதிர்வீச்சு குழந்தைப்பேறு, மாதவிடாய், தாம்பத்தியம் எல்லாவற்றையும் பாதிக்கலாம். 38 வயதில் அந்த விலை கனமானது.

இங்கேதான் இன்னொரு கேள்வி எழ வேண்டும். இது எந்த மலக்குடல் புற்றுநோய்?

மலக்குடலில் வருபவை பெரும்பாலும் சுரப்பிச் செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா. அபூர்வமாக மெலனோமாவும் அங்கே வரும். கறுத்துப்போன மூலம் என்று அதை நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. நியூரோஎண்டோகிரைன் கட்டி, தசையடுக்கில் முளைக்கும் கட்டி, மோதிர வடிவச் செல்கள் கொண்ட வேகமான வகை என்று பட்டியல் நீளும். நுண்ணோக்கியில் பார்த்தால் இவை வேறு வேறு என்று தெரிந்துவிடும். ஆனால் ஒரு வகை மட்டும் சாதாரண அடினோகார்சினோமா போலவே முகம் காட்டும். மலக்குடல் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் அந்த வகை. அதன் வித்தியாசம் செல்லின் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

பூஜ்யம் விட்டுப்போன பேரேடு

நம் கணக்கரின் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பழைய பேரேட்டைப் பார்த்துப் புதிய பேரேட்டில் எழுதும்போது 4,73,529 என்ற தொகை தவறுவது அபூர்வம். 1,00,00,000 என்று எழுதும்போதுதான் ஒரு பூஜ்யம் கூடும் அல்லது குறையும். ஒரே எழுத்து வரிசையாக வரும் இடத்தில் கண் வழுக்கிவிடும்.

செல் இரண்டாகப் பிரியும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் சுமார் 600 கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ தொகுதி நகலெடுக்கப்படுகிறது. ஒரே எழுத்தோ சிறு துணுக்கோ திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் நகலெடுக்கும் நொதி வழுக்குகிறது. அந்தப் பகுதிகளுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர்.

நல்ல மண்டியில் எழுதியவரே சரிபார்க்க மாட்டார். வேறு ஆள் பார்ப்பார். செல்லிலும் அப்படி ஆட்கள் உண்டு, இரண்டு ஜோடியாக; எம்எம்ஆர் புரதங்கள் என்று பெயர். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற ஜோடி பிழை இருக்கும் இடத்தைப் பிடிக்கும். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற ஜோடி அங்கே வந்து, பிழையான துண்டை வெட்டியெடுத்துச் சரிசெய்ய ஏற்பாடு செய்யும். இந்த நால்வரில் ஒருவர் இல்லாவிட்டாலும் பிழைகள் தங்கிவிடும். செல் பிரியப் பிரிய, பிழை பிழையோடு சேர்ந்து மலையாகும். எப்போதாவது ஒரு பிழை செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் விழும். புற்றுநோய் அங்கே தொடங்குகிறது.

பழுப்பும் நீலமும்

இந்தக் குறையைக் கண்டுபிடிக்கப் புதிதாக ஊசி குத்த வேண்டாம், திரும்பவும் குழாய் விட வேண்டாம். கிள்ளியெடுத்த அந்த அரிசித் துணுக்கே போதும். அதை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள்; ஆய்வகத்தில் அதை 'பிளாக்' என்பார்கள். ஒரு மில்லிமீட்டரை முந்நூறாகப் பிரித்த கனத்தில் அதைச் சீவுகிறார்கள். கண்ணாடித் தகட்டில் ஏறிய அந்தச் சீவலின்மேல், குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றுகிறார்கள். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். இல்லாத இடம் பின்புலச் சாயத்தின் நீலத்தில் நிற்கும். நான்கு புரதங்கள், நான்கு தகடுகள்.

நம் கணக்கரின் தகடுகளில் ஒன்றை நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தால், ஒழுங்கில்லாமல் நெருக்கியடித்து நிற்கும் சுரப்பிகள் தெரியும். அவைதான் புற்றுநோய். ஒவ்வொரு செல்லின் கருவும் வெளிர் நீலம். அவற்றுக்கு நடுவே கடுகு சிதறியதுபோலச் சின்னச் சின்ன உருண்டைகள், நல்ல பழுப்பில். அவை நம் உடலின் காவல் செல்களான லிம்ஃபோசைட்டுகள். நோயியல் மருத்துவர் முதலில் தேடுவது இந்தக் கடுகுகளைத்தான். அவையும் நீலமாக இருந்தால் சாயமே பிடிக்கவில்லை என்று அர்த்தம். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். கடுகு பழுப்பாகவும் கட்டி நீலமாகவும் இருந்தால் அந்தப் புரதம் கட்டியில் நிஜமாகவே காணாமல் போயிருக்கிறது.

நம் கணக்கரின் நான்கு தகடுகளில் இரண்டு பழுப்பு, இரண்டு நீலம். எம்எஸ்எச்2 இல்லை, எம்எஸ்எச்6 இல்லை. எம்எஸ்எச்2 போனால் ஜோடியாகத்தான் போகும். துணை இல்லாமல் எம்எஸ்எச்6 நிலைத்திருக்காது, சிதைந்துவிடும். ஆகவே இரண்டும் காணோம் என்றால் பெரும்பாலும் தவறியது எம்எஸ்எச்2. இந்த முழுச் சோதனைக்கும் ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய்.

இந்த முடிவு கையில் இருப்பதால் என்ன மாறுகிறது? முதலாவது, இந்த வகைக் கட்டி வழக்கமான கீமோதெரபிக்குச் சரியாக மசிவதில்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 2020இல் வெளியிட்ட கணக்கில், அறுவைக்கு முன் கீமோ பெற்ற இவ்வகை நோயாளிகள் 21 பேரில் 6 பேருக்கு, மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே கட்டி வளர்ந்தது. மற்ற வகையினர் 63 பேரில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை. இரண்டாவது விஷயம்தான் மருத்துவ உலகையே நிமிர்ந்து உட்காரவைத்தது.

கள்ளச் சாப்பா

அதைச் சொல்ல மட்டாஞ்சேரியிலேயே ஒரு சொல் இருக்கிறது: சாப்பா. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சுமை இறக்க ஆள் எடுத்தது சாப்பா முறையில்தான். திரண்டு நிற்கும் கூட்டத்தை நோக்கி உலோக வில்லைகளை வீசுவார்கள். முண்டியடித்துப் பொறுக்கியவருக்கே அன்றைக்கு வேலை. அந்த முறையை எதிர்த்த தொழிலாளர்கள்மீது 1953 செப்டம்பரில் இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' படம் அந்த வரலாறுதான்.

உடலுக்குள்ளும் ஒரு சாப்பா உண்டு. டி செல்கள் என்ற காவலர்கள் வழியில் வரும் செல்களை நிறுத்தி விசாரிக்கின்றன. ஒரு செல் தன் மேல்பரப்பில் பிடி-எல்1 என்ற வில்லையைக் காட்டினால், டி செல்லில் இருக்கும் பிடி-1 என்ற ஏற்பி அதைத் தொட்டுப் பார்க்கும். 'நம்ம ஆள்தான்' என்று காவலர் விட்டுவிடுவார். சொந்த உடலையே காவலர்கள் தாக்கிவிடாதிருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. புற்றுநோய்ச் செல்லும் அதே வில்லையைத் தூக்கிக் காட்டித் தப்பிக்கிறது. பிடி-1ஐ 1992இல் முதலில் விவரித்தவர் ஜப்பானின் தாசுகு ஹோன்ஜோ. 2018இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிடி-1ஐ மூடிவிடும் மருந்தைச் செலுத்தினால் காவலருக்கு வில்லை தென்படாது. விசாரணை தொடரும்.

ஆனால் இந்த மருந்துகளைக் குடல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது முதலில் ஏமாற்றம்தான். ஆரம்பச் சோதனைகளில் 33 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் பலன் கிடைத்தது. வேறு யாராவது இருந்தால் அந்த ஒருவரை அதிர்ஷ்டசாலி என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு அந்த ஒருவரின் கட்டியைத் தோண்டித் துருவியது. அதில் சரிபார்க்கும் புரதம் இல்லை.

விடை அங்கே இருந்தது. பிழை மலிந்த செல், உடல் இதுவரை பார்த்திராத கோணல்மாணலான புரதங்களைத் தயாரிக்கும். அந்தக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வகைக் கட்டி ஒன்றில் சராசரியாக 1,782 மரபுப் பிழைகள். சாதாரண வகையில் 73. வில்லையை மறைத்துவிட்டால் மட்டும் போதாது. பிடிபடுவதற்கு முகமும் அந்நியமாகத் தெரிய வேண்டும். சாதாரணக் கட்டி உள்ளூர் முகத்தோடு நழுவிவிடும். இந்த அபூர்வ வகையின் முகம் முழுக்கத் தழும்பு. எந்தக் குறை அதைப் புற்றுநோய் ஆக்கியதோ, அதே குறைதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

பன்னிரண்டு, பிறகு நாற்பத்தொன்பது

2022 ஜூனில் ஸ்லோன் கெட்டரிங்கின் ஆண்ட்ரியா செர்செக், லூயிஸ் டயஸ் குழு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. இரண்டாம், மூன்றாம் கட்ட மலக்குடல் புற்றுநோய், எல்லாம் இந்த வகை. டோஸ்டார்லிமாப் என்ற பிடி-1 மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் கொடுத்தார்கள். மொத்தம் 9 தவணை. பிறகு கதிர்வீச்சு, அறுவை என்று திட்டம். ஆறு மாதம் முடித்த 12 பேரை விரலால், குழாயால், எம்ஆர்ஐயால், பெட் ஸ்கேனால் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரிடமும் கட்டி இல்லை. கதிர்வீச்சும் அறுவையும் தேவைப்படவில்லை.

பன்னிரண்டு சின்ன எண்தான், அதைக் கொண்டு எதையும் சாதிக்க முடியாது என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். சந்தேகப்பட்டதும் சரிதான். 2025இல் அதே குழு தந்த எண் 49. மலக்குடல் நோயாளிகள் 49 பேருக்கும் கட்டி மறைந்திருந்தது. இதே குறையோடு வயிறு, பெருங்குடல் போன்ற பிற இடங்களில் கட்டி வந்தவர்களில் 54 பேர் சிகிச்சையை முடித்தார்கள். 35 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது.

கட்டி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை குழாய், எம்ஆர்ஐ, விரல் சோதனை என்று ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். இந்தக் 'காத்திருந்து கவனிக்கும்' முறைக்கு வழி திறந்தவர் பிரேசிலின் ஆஞ்சலிட்டா ஹப்ர்-காமா. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்ததிலேயே கட்டி மறைந்தவர்களுக்கு அறுவை வேண்டுமா என்று கேட்டதற்காகப் பல காலம் சக மருத்துவர்களின் எதிர்ப்பைச் சந்தித்தவர். மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. கட்டவிழ்ந்த காவலர்கள் தைராய்டு, தோல், குடல், நுரையீரல், அபூர்வமாக இதயத்தையும் தாக்கலாம். ஆகவே நோயாளி ஊசி போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட முடியாது.

மருந்தின் விலை

டோஸ்டார்லிமாப்பின் ஒரு தவணை 2022இல் அமெரிக்காவில் சுமார் 11,000 டாலர். அப்போது இந்தியாவில் கிடைத்த இதே குடும்பத்து மருந்துகளும் வழக்கமான அளவில் கொடுத்தால் தவணைக்கு லட்சத்தைத் தொட்டன. மண்டிக் கணக்கரின் சம்பளத்தில் அது எந்தப் பத்தியிலும் அடங்காத எண். கேரள அரசு 2024 ஆகஸ்டில் காருண்யா மருந்தகங்களில் லாபம் வைக்காமல் புற்றுநோய் மருந்து விற்கும் கவுன்டர்களைத் திறந்தது. அது பெரிய ஆறுதல். ஆனால் லாபத்தைக் கழித்த பிறகும் இந்த வகை மருந்துகள் எளியவரின் கைக்கு எட்டுவதில்லை.

வேறு திசையில் யோசித்தவர்கள் மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள். முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப் என்ற பிடி-1 மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம், மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானார்கள். காவலரின் கையைப் பிடித்திருக்கும் அந்த ஏற்பியை மூட அவ்வளவு மருந்து தேவையா என்ற கேள்வியை இது எழுப்பியிருக்கிறது. மலக்குடலுக்கும் இந்தச் சிறு அளவு போதும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது; தனியாகச் சோதித்தாக வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி அதுதான், கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.

மருந்து எட்டாவிட்டாலும் சோதனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாயில் நான்கு சாயங்கள். கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: "என் பயாப்ஸிக்கு எம்எம்ஆர் பார்த்தாச்சா, டாக்டர்?" அறுவைக்கு முன் கேட்டால் சிகிச்சையின் பாதையே மாறலாம். அறுவைக்குப் பின் கேட்டாலும் அந்தப் பதில் வீண் போகாது. அது நோயாளிக்கு மட்டுமான பதில் இல்லை.

தையல்காரி சொன்னது

1895இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு தையல்காரப் பெண், ஆல்டிரெட் வார்தின் என்ற நோயியல் மருத்துவரிடம், தன் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்துதான் போகிறார்கள், தனக்கும் அதுதான் முடிவு என்று சொன்னார். அப்படியே நடந்தது. வார்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைத் திரட்டி 1913இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து ஹென்றி லின்ச் அதே கதையை வேறு குடும்பங்களில் கண்டார். அதனால் இதற்கு லின்ச் சிண்ட்ரோம் என்று பெயர். 1993இல்தான் காரணமான முதல் மரபணு பிடிபட்டது. அதுதான் எம்எஸ்எச்2.

மலக்குடலில் இந்தக் குறை தென்பட்டால் அது பெரும்பாலும் பிறவியிலேயே வந்தது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும் நம் வழக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணவன் மனைவி இருவருக்குமே அதே பழுது இருந்தால், இரண்டு பிரதியும் பழுதான குழந்தை பிறக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்குப் புற்றுநோய் பள்ளி வயதிலேயே வந்துவிடுகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே ஆலோசனை உண்டு.

நம் கணக்கரிடம் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து வம்சாவளி எழுதச் சொன்னார். கணக்கெழுதும் கை, கோடு நேராக விழுந்தது. அப்பா, 44 வயதில், 'வயித்துக் கட்டி'. அத்தை, 47 வயதில், கர்ப்பப்பை. தாத்தா ஏதோ குடல் கோளாறில். வீட்டில் இத்தனை நாளும் தனித்தனித் துக்கங்களாக இருந்தவை முதல்முறையாக ஒரே பக்கத்தில், ஒரே கோட்டில் வந்து நின்றன. ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது.

அன்று இரவு தென்காசியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டார். அவளுக்கு வயது 41. பிறவிப் பழுது இருக்கிறதா என்று ஒரு ரத்தச் சோதனை. இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி. கட்டியாக மாறும் முன்னரே முளையைக் கிள்ளிவிடலாம்.

"எனக்கு ஒண்ணும் இல்லையேடா, நல்லாத்தானே இருக்கேன்?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தான்க்கா இப்பவே பாக்கச் சொல்றாங்க."